பீரோ இருந்த இடம்

காலை ஒன்பது நாற்பதுக்கு முள் ஆறு டிகிரி விலகி நின்றது.

மின்சாவி திறந்திருந்தது. கம்பிச்சுருளில் மின்சாரம் இல்லை. அப்படியானால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன்னால் அவளே கருவியைத் திருப்பி அதைப் பூஜ்யத்தில் நிறுத்தியிருந்தாள். இப்போது யாரோ கூப்பிட்ட மாதிரி அது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

மறுபடி சரிசெய்தாள். சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு மேசையின் அடுத்த முனைக்குப் போனாள். மின்கலமும் சாவியும் அங்கேதான் இருந்தன. சாவியை மூடினாள். இடப்பக்கம் ஐம்பது. மின்சாரத்தின் திசையை மாற்றினாள். வலப்பக்கம் ஐம்பத்தாறு.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் முள் அதே கதையைச் சொன்னது. தேர்வு முடியும் மணி அடித்தது.

சோதனை பழையது. ஒரு சுருள், அதன் நடுவே திசைகாட்டி முள். பூமியின் காந்தம் முள்ளை வடக்கே இழுக்கும். சுருளின் காந்தம் பக்கவாட்டில் இழுக்கும். முள் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் பூமியின் காந்தம் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். இயற்பியல் மூன்றாம் ஆண்டில் இதில் யாரும் தோற்றதில்லை. தோற்க வழியும் இல்லை. மேசைமேல் மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம் இருந்தது. கருவியை அதற்குள் வைத்தால் விடை முப்பத்தொன்று மைக்ரோ டெஸ்லா. ஆய்வக உதவியாளரின் நீல டைரியில் அந்த எண் பென்சிலில் எழுதியிருந்தது. அவரை மாணவர்கள் லேப் அண்ணன் என்றார்கள். வட்டம் போட்டவரும் அவர்தான். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். அதற்குமேல் போனால் மதிப்பெண் இல்லை.

அவளுக்கு வந்தது இருபத்தாறு.

லேப் அண்ணன் டைரியை மூடினார். "என்ன பாப்பா இது," என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது.

*

துறைத் தலைவரின் அறைக் கதவு அகலம் குறைவு. நாற்காலியின் சக்கரம் நிலையில் உரசும். ஒவ்வொரு முறையும் தலைவர் எழுந்து வந்து கதவின் இரண்டாவது பாதியைத் திறந்துவிடுவார். நல்ல மனுஷி. அதுதான் சிக்கல்.

"உன்மேல தப்பு சொல்லல. முள்ள மேலேருந்து பாக்கணும். உக்காந்தா சாய்வாத்தான் தெரியும்."

"சாய்வா தெரியல மேடம். அப்பா சீட்டை நாலு அங்குலம் ஒசத்திட்டாரு. நேரா மேலேருந்துதான் பாத்தேன்."

"அப்புறம் ஏன் ஆறு டிகிரி?"

அவள் மடியிலிருந்த நோட்டைத் திரும்பப் புரட்டினாள்.

தலைவர் ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். செய்முறை விலக்குப் படிவம். கையெழுத்துப் போட்டால் இனி ஆய்வகத் தேர்வு கிடையாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே பட்டம் தருவார்கள். பட்டத்தின் கீழே ஒரு வரி இருக்கும்: செய்முறை நீங்கலாக. அந்த வரியோடு எந்தப் பல்கலைக்கழகமும் முதுநிலை இயற்பியலில் சேர்க்காது. இது தலைவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"பேங்க் வேலைக்குப் போலாம். டீச்சர் ஆகலாம். எத்தன வழி இருக்கு."

"எனக்கு லேப் வேணும் மேடம்."

"மறுதேர்வு இன்னும் பதினஞ்சு நாள்ல. வெளியூர்லேருந்து ஒருத்தர் வர்றாரு. அதுலயும் இப்படியே வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இதுல கையெழுத்துத்தான்."

படிவத்தில் அவள் பெயர் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது.

*

ஆய்வகத்தில் அவளுடைய ஜோடி, வகுப்பிலேயே உயரமானவன். ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்துச் சுருக்கி ஒட்டடை என்று கூப்பிட்டார்கள். அவன் பதிலுக்கு அவளுக்கு ரோவர் என்று பெயர் வைத்தான். வேற்றுக் கிரகத்தில் இறக்கிவிட்டாலும் உருண்டு போய் மண்ணைக் கிண்டிப் பார்ப்பாள் என்பது அவன் விளக்கம்.

மறுதேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மதியம், இருவரும் மஞ்சள் வட்டத்தில் கருவியை வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நின்று பார்த்தான். அவள் உட்கார்ந்து பார்த்தாள். இருவர் கண்ணுக்கும் ஒரே எண்.

"அப்ப என் கண்ணுல கோளாறு இல்ல."

"என் கண்ணும் அதே கோளாறா இருந்தா?"

"வாய மூடு."

அவள் தண்ணீர் குடிக்க வாசல் வரைக்கும் உருண்டு போனாள். பாட்டிலைத் திறந்தாள்.

"ரோவர்."

"என்ன?"

"நீ போனதும் முள்ளும் எந்திரிச்சுப் போச்சு."

"விளையாடாத."

"சத்தியமா. திரும்பி வா."

அவள் வந்தாள். முள் அவள் பக்கம் சாய்ந்தது.

"போ."

போனாள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

"முள்ளுக்கு உன் மேல ஒரு கண்ணு," என்றான் ஒட்டடை. சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. குனிந்து தன் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தாள். கறுப்பு பெயின்ட். பெயின்டுக்குள்ளே இரும்புக் குழாய். இருக்கையை உயர்த்த அப்பா புதிதாக வைத்துப் பற்றவைத்த நான்கு கால்களும் இரும்பு.

இருபத்திரண்டு கிலோ. அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அவள் பூமியின் காந்தத்தை அளந்துகொண்டிருந்தாள்.

*

அப்பா வெல்டர். கடை நாற்காலி ஆறு மாதம் தாங்காது என்று அவளுக்கு ஏழு வயதிலிருந்து அவரே செய்து தருகிறார். இது நான்காவது. பிறவியிலிருந்தே அவளுக்கு இடுப்புக்குக் கீழே வலு இல்லை. அதை அவர் ஒரு குறை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அளவு எடுப்பார், அவ்வளவுதான்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"அப்ப நான்தான் உன்னை ஃபெயிலாக்கிட்டேன்."

"நீங்க இல்லப்பா. இரும்பு."

"ரெண்டும் ஒண்ணுதான். அலுமினியத்துல பண்ணிடுறேன். ஒரு வாரம் குடு."

"முதல்ல இது எவ்வளவு இழுக்குதுன்னு பாக்கணும்."

"இழுத்தது போதாதா?"

"எவ்வளவுன்னு தெரியணும்பா."

பட்டறையில் பார்க்க முடியாது. அங்கே திசைகாட்டியை வைத்தால் முள் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்துக்குப் போனார்கள். அப்பா அவளைத் தூக்கி மைதானத்தின் நடுவில் உட்காரவைத்தார். அவள் மரப்பலகைமேல் ஒரு திசைகாட்டியை வைத்துக் குனிந்துகொண்டாள். அப்பா காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இருபதடி போனார்.

"பத்தடிக்கு வாங்க."

ஒன்றுமில்லை.

"நாலடி."

ஒரு டிகிரிகூட முழுதாக இல்லை.

"ரெண்டடி."

ஆறு. தேர்வில் வந்த அதே ஆறு.

"ஓரடி."

நாற்பது.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண்மணி நின்றுவிட்டார். "என்னங்க, பொண்ணைத் தரையில உக்கார வச்சுட்டு நாற்காலியை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்க?"

"நாற்காலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு," என்றார் அப்பா.

அவள் எண்களை நோட்டில் எழுதி, கோணங்களை இழுப்பாக மாற்றிக் கணக்குப் போட்டாள். பாதித் தூரம் வந்தால் இழுப்பு ரெண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு. தூரம் கூடினால் அதே வேகத்தில் காணாமல் போகிறது. நாலடிக்கு அப்பால் நாற்காலியை மறந்துவிடலாம்.

அப்பா அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். நோட்டை எட்டிப் பார்த்தார். எண்கள் அவருக்குப் புரிந்தன. வாழ்நாள் முழுக்க அளவெடுத்த மனிதர்.

"இருபத்திரண்டு கிலோ இரும்புக்கு இவ்வளவுன்னா," என்று ஆரம்பித்து, நிறுத்தினார். "வா, போலாம். வெயில் ஏறுது."

*

திங்கட்கிழமை ஆய்வகத்தில் ஒரு மர நாற்காலியைத் தேடிப் பிடித்தார்கள். அதற்கு மாறிக்கொண்டாள். ஒட்டடை சக்கர நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். வலப்பக்கமும் இடப்பக்கமும் நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. கணக்குப் போட்டாள்.

முப்பத்தொன்று.

ஒட்டடை குதித்ததில் மேல்விளக்கில் தலை இடிக்கப் பார்த்தது. "முடிஞ்சுது! பாஸ்!"

 அப்பா பாதியில் நிறுத்திய வாக்கியம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் வட்டத்துக்கு மூன்றடி பின்னால், சுவரோடு ஒட்டி, ஆளுயரத்துக்கு மேல் ஒரு இரும்பு பீரோ நின்றது. பழைய மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் வைக்கும் பீரோ. வெறும் பீரோவே தொண்ணூறு கிலோ இருக்கும்.

"ஒட்டடை, கருவியைத் தூக்கிட்டு ரூம் நடுவுல வை."

"வட்டத்தை விட்டா?"

"வட்டத்தை விட்டு."

நடுவில் வைத்தான். மர நாற்காலியோடு அவளையும் இழுத்துக்கொண்டு போனான். அளந்தாள். முப்பத்தாறு. மறுபடி அளந்தாள். முப்பத்தாறு.

நூலகத்தில் நில அளவை அட்டவணை இருந்தது. ஊர் ஊராகப் பூமியின் காந்தம் எவ்வளவு என்று போட்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்தைக் கடைசியாக எடுத்த தேதியின் மை அட்டையில் மங்கிப்போயிருந்தது. அவர்கள் ஊருக்கு நேரே விரலை வைத்தாள். முப்பத்தாறு புள்ளி ஒன்று.

ஒட்டடை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீ இப்ப என்ன பண்ணப் போறேன்னு எனக்குத் தெரியும். வேணாம். முப்பத்தொண்ணு எழுது. பாஸ் பண்ணு. அப்புறமா ஊரைத் திருத்து."

"தப்பான எண்ணுடா."

"டைரியில அதுதான் சரி. நீ முப்பத்தாறு எழுதினா, ‘பாவம், அந்தப் பொண்ணால முடியல’ம்பாங்க. படிவத்தை நீட்டுவாங்க. நாங்க எழுதினா தப்புன்னுதான் சொல்வாங்க. நீ எழுதினா முடியலம்பாங்க."

அவன் சொன்னது உண்மை. அவள் அட்டவணையை மூடிவைத்தாள்.

*

மறுதேர்வு பத்து மணிக்கு. அப்பா அவளைச் சாய்தளம் வழியாக மாடி ஆய்வகத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே வண்டியருகே நின்றுகொண்டார். பட்டறைக்குப் போகவில்லை.

வெளித்தேர்வாளர் வயதானவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வினாத்தாளை அவரே வாசித்தார். "இந்த இடத்தில் பூமியின் கிடைக் காந்தப்புலத்தைக் காண்க. கருவியைக் குறித்த வட்டத்தை விட்டு நகர்த்தக்கூடாது." தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு கோப்பு. அதிலிருந்து படிவத்தின் ஓரம் தெரிந்தது.

அவள் மர நாற்காலிக்கு மாறினாள். "இத வெளிய கொண்டு போகணும், சார். வராந்தால என் பிரெண்டு நிக்கிறான்."

"உதவிக்கு ஆள் கூடாதும்மா," என்றார் தலைவர்.

"அவன் கருவியைத் தொட மாட்டான் மேடம். என் நாற்காலி இரும்பு. ரெண்டடியில ஆறு டிகிரி இழுக்குது. போன தடவை அதுதான் கெடுத்துச்சு." நோட்டைத் திறந்து மைதானத்து எண்களைக் காட்டினாள்.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"எங்க எடுத்தது?"

"பள்ளிக்கூட மைதானத்துல."

"நாற்காலியைத் தள்ளினது?"

"எங்கப்பா."

"சோதனையைக் கெடுக்கிற இரும்பு எதுன்னு கண்டுபிடிக்கிறது மாணவியோட வேலை," என்றார் தலைவரிடம். "அதைச் சுமக்கிறது யார் வேணா சுமக்கலாம். கூப்பிடுங்க பையனை."

ஒட்டடை வந்தான், தள்ளிக்கொண்டு போனான். போகும்போது விரலால் காற்றில் மூன்று, ஒன்று என்று எழுதிக் காட்டினான்.

நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். முப்பத்தொன்று. எழுதினாள். லேப் அண்ணன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. டைரியை எடுத்து மேசையில் தயாராக வைத்தார். தலைவரும் பார்த்தார். அவர் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

"நல்லா பண்ணிட்டே. குடு," என்று கை நீட்டினார்.

இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. தாள் அவள் கையில் இருந்தது. கொடுத்தால் முடிந்தது.

"இன்னும் முடியல மேடம்."

"விடை வந்திடுச்சே."

"சார்," என்றாள் தேர்வாளரைப் பார்த்து.  "சோதனையைக் கெடுக்கிற இரும்பு இன்னொண்ணு இருக்கு."

"எது?"

"அந்த பீரோ."

லேப் அண்ணன் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். சொந்தக்காரரைப் பற்றி யாரோ தப்பாகப் பேசிய மாதிரி இருந்தது அவர் முகம். "அது பதினேழு வருஷமா அங்கதான் நிக்குது பாப்பா."

"ஆமாண்ணா. நான்தான் வந்து வந்து போறேன். அதனால என்னைக் கண்டுபிடிச்சுட்டோம். அது நகரவே இல்ல."



"இதுக்கு அவசியம் இல்ல," என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அவளுக்காகவா துறைக்காகவா என்று தெரியவில்லை. "வந்த விடைய விட்டுட்டு வேற விடை எழுதினா, டைரிப்படி தப்பு. புரியுதா? எனக்கு வேற வழி இருக்காது."

"புரியுது மேடம்."

தேர்வாளர் எழுந்து போய் பீரோவைப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். "சுமக்கிறது யார் வேணா சுமக்கலாம்னு சொன்னது நானாச்சே," என்றார். "எத்தனை பேர் வேணும்?"

நோட்டுகளோடு பீரோ அசையவில்லை. லேப் அண்ணன் சாவி கொண்டுவந்து திறந்தார். கட்டுக்கட்டாக எடுத்துத் தரையில் அடுக்கினார்கள். அறை முழுக்கத் தூசி. தேர்வாளர் தும்மினார். ஒட்டடை வராந்தாவிலிருந்து கைப்பிடிச் சுவர்மேல் எட்டிக் கத்தினான்: "மாமா! மேல வாங்க! உங்க வேலைதான்!"

அப்பா படியேறி வந்தார். தலைவருக்கு வணக்கம் சொன்னார். மகளைப் பார்த்தார். அவள் பீரோவைக் கண்ணால் காட்டினாள். அவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பீரோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"கெட்டித் தகடு," என்றார். "இப்பல்லாம் இப்படிப் பண்றதில்ல." பிறகு தோளைக் கொடுத்தார்.

ஒரு பக்கம் அப்பாவும் ஒட்டடையும். மறுபக்கம் லேப் அண்ணனும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேர்வாளரும். பீரோ தரையில் கிறீச்சிட்டது. அவள் அவர்களைப் பார்க்கவில்லை. குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"ஒண்ணு," என்றாள்.

கிறீச்.

"மூணு. நிறுத்தாதீங்க."

தலைவர் எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். அவரும் குனிந்தார்.

"ஆறு. ஏழு."

பீரோ வாசல் வரைக்கும் போய் நின்றது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஒம்பது," என்றார் தலைவர். அவள் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

வட்டத்துக்குள்ளேயே கருவியைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.  சாவியை மூடினாள். இடது நாற்பத்து நாலு. திசை மாற்றினாள். வலது நாற்பத்து நாலு. தாளில் முப்பத்தொன்றின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். கீழே எழுதினாள்: முப்பத்தாறு. அதன் கீழே காரணத்தை மூன்று வரியில் எழுதினாள். நில அளவை அட்டவணையின் பக்க எண்ணையும் எழுதினாள். பெயரை எழுதிக் கொடுத்தாள்.

தேர்வாளர் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். "ஒரு தாள் குடுங்க மேடம்."

தலைவர் கோப்பில் தேடினார். கோப்பில் இருந்தது ஒரே தாள்தான். அதை எடுத்தார். ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கவிழ்த்துக் கொடுத்தார். விலக்குப் படிவத்தின் முதுகில் தேர்வாளர் கூட்டினார், பெருக்கினார், வகுத்தார். முப்பத்தைந்து புள்ளி ஆறு வந்தது. அடியில் கோடு போட்டார்.

பிறகு நீல டைரியைத் தன் பக்கம் இழுத்தார். லேப் அண்ணனிடம் அழிரப்பர் கேட்டார். பதினேழு வருஷத்துப் பென்சில் சுலபத்தில் போகவில்லை. கொஞ்சம் தாளும் சேர்ந்து கிழிந்தது. அந்த இடத்தில் பேனாவால் முப்பத்தாறு என்று எழுதி, தேதி போட்டார்.

"ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு," என்றார்.

"ரெண்டு எங்க சார் போச்சு?" என்றான் வாசலிலிருந்து ஒட்டடை.

"கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு."

அவள் சிரித்தாள். இரண்டு வாரத்தில் முதல் தடவை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்பா வராந்தாவுக்குப் போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வரும் வழியில் வட்டத்தருகே நின்று, முள் தன் நாற்காலியின் பக்கம் திரும்புவதைக் குனிந்து பார்த்தார். பின்னால் இழுத்தார். முள் போனது. முன்னால் தள்ளினார். முள் வந்தது.

"அலுமினியம் வேணுமா, வேணாமா?" என்றார்.

"வேணாம்பா. அலுமினியமா இருந்திருந்தா இத நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்."

"கதவை அகலப்படுத்தணும்," என்றார் தலைவர் திடீரென்று, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல். "என் ரூம் கதவை."

"நிலை மரமா, இரும்பா மேடம்?" என்றார் அப்பா. "இரும்புன்னா நான் பாத்துக்கறேன்."

அறையின் மூலையில் லேப் அண்ணன் நோட்டுக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். இடுப்பளவு உயரம், எட்டு வரிசை. மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தார். முப்பத்தொன்று. அதன் கீழே இருந்ததைப் பிரித்தார். முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் அவர் போட்ட சரி. மூன்றாவதைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு தலைவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், அப்ப பதினேழு வருஷமா பாஸ் பண்ணின அத்தன பேரையும் திரும்பக் கூப்பிடணுமா?"